நோன்பு மாதத்தில் அக்கம்பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி

அன்புள்ள அண்டை வீட்டாருக்கும் பள்ளிவாசல் தொண்டர்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ரமலான் முடிந்து பெருநாளும் நல்லபடியாக நிறைவேறிவிட்டது. இமாமுக்கும் நிர்வாகத்துக்கும் பள்ளியிலேயே நன்றி சொல்லியாகிவிட்டது. தொழுகை வரிசையில் நிற்பவர்களின் கண்ணில் படாமல் வேலை பார்த்தவர்களுக்கு இந்த மடல்.

முதலில், வண்டிகளை ஒழுங்குபடுத்திய இளைஞர்களுக்கு. இஷா என்ற இரவுத் தொழுகைக்கும், அதன் பின் ரமலானில் தொழும் தராவீஹுக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் வந்து சேர்வார்கள். ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) தொடங்கிவிடுமே என்ற அவசரத்தில், வண்டியை யார் வீட்டு வாசலில் விடுகிறோம் என்று பார்க்கத் தோன்றாது. "அந்த கேட்டை மறைக்காதீங்க, கொஞ்சம் தள்ளி விட்டுட்டு நடந்து வாங்க" என்று இரவுதோறும் முகம் சுளிக்காமல் சொன்னீர்கள். அதற்காக தொழுகையின் முதல் ரக்அத்துகளை (சுற்றுகளை) இழந்தவர்கள் உங்களில் உண்டு. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் வாசலில் நின்றதை வணக்கத்துக்கு வெளியே நின்றதாக நான் ஒருபோதும் நினைக்கவில்லை.

தொழுகை முடிந்ததும் தெருவில் கூடி நின்று பேசுவது நம்மில் பலருக்கு வழக்கம். நாள் முழுக்க நோன்பு, இரவில் நீண்ட தொழுகை, அதன் பிறகு நண்பர்களைப் பார்த்தால் பேசத்தான் தோன்றும். அவர்களை அன்போடு பள்ளியின் உள்ளே அழைத்துப் போய் உட்காரவைத்த பெரியவர்களுக்கு நன்றி. தராவீஹ் ஓதுதலை உள்ளே இருக்கும் ஒலிபெருக்கியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பொறுமையாகப் பேசி எல்லோரையும் சம்மதிக்க வைத்தவர்களும் அவர்களே. நபியவர்கள் இஃதிகாஃப் (பள்ளியிலேயே தங்கி வணங்குதல்) இருந்தபோது, பள்ளியில் சிலர் சத்தமாக ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கினார்கள். நீங்கள் எல்லோரும் உங்கள் இறைவனிடம்தான் பேசுகிறீர்கள், ஒருவருக்கொருவர் தொல்லை தராதீர்கள், ஓதும்போது குரலை ஒருவர் மேல் ஒருவர் உயர்த்தாதீர்கள் என்றார்கள். உள்ளே தொழுகிறவருக்கே இந்த மரியாதை என்றால், சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கும் குழந்தைக்கு எவ்வளவு தர வேண்டும்!

அடுக்குமாடிகளில் சஹருக்கு (விடியுமுன் உண்ணும் நோன்பு உணவுக்கு) எழும் குடும்பங்களுக்கும் நன்றி. அலாரம் அடித்தவுடன் நிறுத்துவது, நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைப்பது, கதவை மெல்லச் சாத்துவது எல்லாம் சின்ன விஷயங்கள்தான். ஆனால் கீழ்வீட்டுக்காரருக்கு அது ஒரு மாதத் தூக்கம்.

அப்புறம், அண்டை வீட்டாரே, உங்களுக்கு. கடைசிப் பத்து இரவுகளில் கூட்டம் அதிகமாகும் என்று தெரிந்து, நாங்கள் கேட்கத் தயங்கிக்கொண்டிருக்கும்போதே உங்களில் ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் வண்டி நிறுத்தச் சொன்னார். பள்ளியின் வெளிவிளக்கு தன் படுக்கையறைக்குள் அடிக்கிறது என்று ஒரு அம்மா நேரில் வந்து சொன்னார்கள். அன்றே விளக்கைத் திருப்பி வைத்தோம். மனத்துக்குள் வைத்துக்கொண்டு சிரமப்படாமல் உரிமையோடு வந்து சொன்னீர்களே, அதுதான் எங்களுக்குப் பெரிய உதவி. பெருநாள் எந்த நாள் என்று கேட்டவர்களுக்கு இரண்டு தேதிகளைச் சொல்லி வைக்க வேண்டியிருந்தது. பிறையைப் பொறுத்து மாதம் 29 நாளிலும் முடியலாம், 30 நாளிலும் முடியலாம். அதையும் பொறுத்துக்கொண்டீர்கள்.

நெருங்கிய அண்டை வீட்டாருக்கும் தூரத்து அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யுங்கள் என்கிறது குர்ஆனின் 4:36 வசனம். அண்டை வீட்டார் எந்த மார்க்கத்தவர் என்ற நிபந்தனை அதில் இல்லை. நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் அவர் விசாரித்தார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான் இருக்கிறது. குர்பானிக் (பெருநாளில் அறுக்கும் பிராணிகளின்) கழிவு ஒன்றுகூடத் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ள இதே தொண்டர்கள் முன்வந்திருக்கிறார்கள். அடுத்த ரமலான் இந்த ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் முன்னதாகவே வந்துவிடும். தொழுகை நேர அட்டவணையை அதற்கு முன்பே உங்கள் வீடுகளுக்குக் கொண்டுவந்து தருவோம். வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ, கைக்குழந்தையோ, உடம்பு முடியாதவரோ இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்வோம்.

ஜஸாகுமுல்லாஹு கைரன் (அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவானாக).

இப்படிக்கு,
பள்ளிவாசல் ரமலான் ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர்