ஆஷ்ட்ரே வாங்க வேண்டாம்

குன்னூர்,
ஜனவரி 18

அன்பு நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் கைக்குக் கிடைத்தது. கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் எடுத்திருக்கும் கடையில் மாசி மாதம் உணவகம் தொடங்கப் போகிறீர்கள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே உறைபனி. விடியற்காலையில் புல்தரை முழுவதும் உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கிறது. எனக்கும் வழக்கம்போல் மூச்சிளைப்பு கூடியிருக்கிறது.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். 24 இருக்கைகளில் ஒரு மூலையைச் சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒதுக்கலாமா, இந்தக் குளிரில் வெளியே போகச் சொன்னால் சுற்றுலா வருகிறவர்கள் முகம் சுளிக்க மாட்டார்களா என்று எழுதியிருந்தீர்கள். சட்டப்படி முடியாது. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கும் விதியின்படி, 30 இருக்கைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகம் மட்டுமே புகைப்பதற்குத் தனி அறை வைத்துக்கொள்ளலாம். அந்த அறைக்கும் தரையிலிருந்து கூரை வரை சுவர் இருக்க வேண்டும், கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும், உள்ளே இருக்கும் காற்று நேராக வெளியேற வேண்டும். மூலையில் இரண்டு மேசையைப் போட்டு நடுவில் ஒரு திரையைத் தொங்கவிடுவது எந்தக் கணக்கிலும் சேராது. வாசலில் 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். மேசையில் ஆஷ்ட்ரேயும் தீப்பெட்டியும் வைக்கக்கூடாது. பிடிப்பவருக்கு அபராதம் 200 ரூபாய் வரைதான், சீசனில் கொடைக்கானலுக்கு வருகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் புகார் வந்தும் நீங்கள் பேசாமல் இருந்தால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை பேருக்குமான அபராதம் உங்கள் தலையில் விழும்.

ஆனால் அபராதத்துக்குப் பயந்து இதைச் செய்யுங்கள் என்று சொல்வதற்காக நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. 1981இல் இங்கே ஒரு கிளப்பின் மதுக்கூடத்தில் பரிமாறுபவனாகச் சேர்ந்து 33 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பீடியைக்கூட வாயில் வைத்தவன் அல்லன். அக்டோபர், நவம்பரில் மழைக்குச் சன்னல் சட்டமெல்லாம் ஊறிப் பருத்துத் திறக்கவே முடியாமல் போகும், கணப்பும் எரியும், அதற்குள் நாற்பது பேர் புகைப்பார்கள். இரவு வீடு திரும்பினால் ஸ்வெட்டரைத் திண்ணையிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது என் மனைவியின் உத்தரவு. தடை வந்த பிறகு சுவருக்கு வெள்ளையடிக்கச் சட்டமிட்ட படங்களைக் கழற்றினோம். படம் இருந்த இடம் மட்டும் பால்போல் வெள்ளைச் சதுரமாக இருக்க, மற்ற சுவர் முழுவதும் பழைய தேநீர்க் கறைபோல் பழுப்பேறிக் கிடந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் என் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1981இல்தான் ஜப்பானில் தகேஷி ஹிரயாமா என்ற ஆய்வாளர், கணவன் புகைத்தால் புகைக்காத மனைவிக்கும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது என்று கண்டு எழுதினார். அந்தச் செய்தி எங்கள் மதுக்கூடத்துக்கு வந்து சேர 27 ஆண்டுகள் ஆயின. இடையில் 2001 நவம்பரில், மும்பை காங்கிரஸ்காரர் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், ரயில் என்று பல இடங்களில் புகைக்கத் தடை விதித்தது. உணவகமும் மதுக்கூடமும் அந்தப் பட்டியலில் இல்லை. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது வந்த அந்த 2008 விதிதான் எங்கள் மதுக்கூடத்தையும் சேர்த்துக்கொண்டது. புகை பிடிக்காத வாடிக்கையாளர் வேறு மேசைக்குப் போகலாம், வேறு கடைக்கே போகலாம். தட்டை ஏந்தி நிற்கிறவன் எங்கே போவான்? டிப்ஸ் தருகிறவரிடம் “அணையுங்கள் ஐயா” என்று சொல்ல எந்தப் பையனுக்கு வாய் வரும்? அதை முதலாளிதான் சொல்ல வேண்டும், அல்லது சட்டம் சொல்ல வேண்டும். 2017இல் விதியைத் திருத்தி, புகைக்கும் அறையில் உணவோ வேறு எதுவுமோ பரிமாறக்கூடாது என்றே சொல்லிவிட்டார்கள். இத்தனை விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் அயர்லாந்திலும் இருந்தது. பப் இல்லாத ஊரே இல்லாத அந்த நாடு, 2004 மார்ச் 29 அன்று, உலகிலேயே முதல் நாடாக, பப் உட்பட எல்லாப் பணியிடங்களிலும் தடையைக் கொண்டுவந்தது. ஊழியரின் உடல்நலம்தான் அன்று முன்வைக்கப்பட்ட காரணம். பப் உரிமையாளர்கள் எவ்வளவோ கூச்சல் போட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் நம்மைப்போல் மழையும் குளிரும்தான்; இருந்தும் பிடிக்க வேண்டியவர் எழுந்து வெளியே போய்ப் பிடித்துவிட்டு வருகிறார். 2007 ஜூலையில் இங்கிலாந்தும் அதே வழிக்கு வந்தது.

ஆகவே ஆஷ்ட்ரே வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு வெளியே ஒரு பெஞ்சு போட்டு, மேலே தகரம் வேய்ந்து, மணல் நிரப்பிய வாளி ஒன்று வையுங்கள். வாசலை ஒட்டிப் போட்டால் கதவு திறக்கும்போதெல்லாம் புகை உள்ளே வரும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இரண்டு நாள் பார்த்துவிட்டு இடத்தைத் தீர்மானியுங்கள். அணைக்காத துண்டை யாரும் சருகுப் பக்கம் எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பங்குனி வெயிலில் உங்கள் மலை எப்படிப் பற்றும் என்று உங்களுக்கே தெரியும்.

இளைப்பு இடம் கொடுத்தால் சித்திரையில் நானும் வீட்டாரும் வருகிறோம். அடுப்படிக்குப் பக்கத்து மேசையை எனக்கு வைத்திருங்கள். அங்கே வரும் புகை எனக்குச் சம்மதமே.

தங்கள் அன்பு நண்பன்