பசி மந்தமான நெல்

அம்மாடி கயல்,

நேற்று முதல் மேலுரம் போட்டேன். யூரியாவுக்கு இரண்டு நாள் அலைச்சல். கடையில் கூடவே ஒரு நுண்ணூட்டப் பொட்டலத்தையும் தலையில் கட்டிவிட்டார்கள். வீசும்போது கையில் இருந்த அருவாள் வெட்டு சுரீரென்றது. அப்போதுதான், குட்டை நெல்லுக்கு யூரியாவில் இருக்கிற தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுக்கும் பசி மந்தம் என்று நீ ஐதராபாத்திலிருந்து போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு 'ம்' கொட்டினேனே தவிர, ராத்திரி படுத்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. சரியா என்று பார்த்துச் சொல்.

உன் தாத்தா போட்ட சம்பா ஆள் உயரம். கொஞ்சம் உரம் கூடினாலும் மார்கழி மழையில் பாய் விரித்த மாதிரி சாய்ந்துவிடும். 1966-ல் வெளிவந்த ஐ.ஆர்.8 நெல் ரகம் குட்டை, சாயாது. அந்தக் குட்டைத்தனம் தைவான் நெல் ஒன்றிலிருந்து வந்த பழுதான எஸ்டி1 மரபணுவால். அது பழுதானால் பயிரை உயர்த்தும் ஜிப்ரலின் என்கிற ஹார்மோன் குறைகிறது. ஜிப்ரலின் அழிக்க வேண்டிய டெல்லா புரதம் தங்கிப்போய் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது. அதோடு நின்றால் பரவாயில்லை. தழைச்சத்தை இழுக்க வைக்கிற ஜிஆர்எஃப்4 புரதத்தையும் டெல்லா அமுக்கிவிடுகிறது. குட்டையானபோதே பசியும் மந்தமாகிவிட்டது! அந்தப் பிள்ளைக்குத்தான் ஐம்பது வருஷமாகத் தட்டு நிறையப் போடுகிறோம். போட்டதில் பாதிகூடப் பயிருக்குள் போவதில்லை.

ஐ.ஆர்.8-ஐ நான் குறை சொல்லவில்லை. சோறு ஆறினால் விறைத்துப்போகும் என்று உன் அப்பாயி திட்டுவாள். ஆனால் வீட்டு நெல் குதிர் நிறைந்தது அதனால்தான்.

ஜிஆர்எஃப்4 தூக்கலாக வேலை செய்கிற மரபணு வகையைக் குட்டை நெல்லில் சேர்த்தால் உயரம் கூடாமலே பசி திரும்புகிறது என்று 2018-ல் சீனாவில் கண்டார்கள் என்றாய். எனக்கு அதைவிடப் பிடித்தது 2021-ல் வந்த டிசிபி19 கதை. தழைச்சத்துக்கு ஏற்பப் பயிர் எத்தனை தூர் கட்டும், அதாவது அடியிலிருந்து எத்தனை பக்கத் தண்டு விடும் என்பதில் அந்த மரபணுவுக்குக் கை உண்டு. அதன் முன்பகுதியில் 29 டிஎன்ஏ எழுத்து இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் வித்தியாசம். நல்ல வகை, சத்தில்லாத மண்ணில் விளைந்த நாட்டு நெல்லில் தங்கியிருக்கிறது. புது ரகங்கள் பலவற்றில் தொலைந்துபோயிற்று. யூரியா மூட்டை கைக்கெட்டிய பிறகு அது யாருக்கு வேண்டும்? திரும்பச் சேர்த்ததில் தழைச்சத்தைப் பயன்படுத்தும் திறன் 20–30 சதவீதம் ஏறியதாமே.

வடக்கு மூலையில் நாலு வரிசை மாப்பிள்ளைச் சம்பா நட்டிருக்கிறேன். அதில் நேற்று யூரியா வீசவில்லை. அதில் அந்த 29 எழுத்துக் கதை எப்படி என்று உன் லேபில் பார்க்க முடியுமா? எத்தனை இலை வேண்டும், எப்படி அனுப்புவது என்று எழுது. அதுவரை தூர் எண்ணி நோட்டில் குறித்து வைக்கிறேன்.

அப்பா