விசைப்படகு பெல்ட்டை யாரும் பார்ப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருடா வருடம் ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்ததும் உங்கள் நாளிதழில் நாகை துறைமுகத்தில் படகுகள் வரிசை கட்டி நிற்கிற படம் வரும், வலை சரிபார்ப்பவர்கள் படம் வரும், பெயின்ட் அடிப்பவர்கள் படம் வரும். பார்க்க சந்தோஷம்தான். ஆனால் இன்ஜின் அறைக்குள் இறங்கி எடுத்த படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் அக்கரைப்பேட்டையில் இருபது வருடத்துக்கு மேல் விசைப்படகு டிரைவராகப் போனவன், இப்போது கரையில் இருந்து இன்ஜின் வேலை பார்க்கிறேன். பழைய இன்ஜின்களில் வி-பெல்ட்தான் ஓடும். இப்போது வருகிற பல இன்ஜின்களில் ஒரே ஒரு நீள பெல்ட், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து கிராங்க் புல்லி, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற டைனமோ, வாட்டர் பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் என்று எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. அது அறுந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். டீசல் இன்ஜின் மட்டும் உடனே நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும், அதுதான் ஆளை ஏமாற்றும். உள்ளே தண்ணீர் சுற்றாமல் சூடு ஏறிக்கொண்டே போய் இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கிற அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட் போனால், கடலில் வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கே நடந்தது. கோடியக்கரைக்குக் கிழக்கே தங்கு கடலில், அதாவது கரை திரும்பாமல் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தொழிலில் இருந்தோம், ஏழு பேர். விடியற்காலையில் கிரீச்சென்று சத்தம். கூட இருந்த தம்பி, "அண்ணே, பெல்ட் கத்துது" என்றான். "நனைஞ்சிருக்கும்டா, கொஞ்சம் ஓடினா சரியாயிடும்" என்றேன். அரை மணி நேரத்தில் சத்தம் நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன், பார்த்தால் சார்ஜ் விளக்கு எரிகிறது, சூட்டு முள் மேலே ஏறுகிறது. இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே இறங்கினால் பெல்ட் நார் நாராகக் கிழிந்து டைனமோவைச் சுற்றிக் கிடந்தது. கையில் ஸ்பேர் பெல்ட் இருந்தது, ஆனால் புல்லியில் ஆறு காடி, அதாவது பள்ளம், அதில் உட்காருகிற வரி அந்த பெல்ட்டில் ஐந்துதான், நீளமும் பத்தவில்லை. வாங்கும்போது கடையில் கண்ணால் பார்த்து எடுத்துக் கொடுத்ததை நாங்களும் அப்படியே பெட்டியில் போட்டு வைத்திருந்தோம். அந்தப் பக்கம் இலங்கை எல்லைக் கோடு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீரோட்டம் இழுக்க இழுக்க ஏழு பேரும் வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டதைக் கேட்டு, தொழிலை விட்டுவிட்டு வந்த ஒரு படகுதான் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தது. ஐஸ் கரைந்து மீனும் போச்சு.

அந்த பெல்ட் ஒரு தடைக்காலத்தில் மாற்றியிருக்க வேண்டியது. 61 நாள் படகு சும்மா நிற்கிறது. ஒரு தங்கலுக்கு ஏற்றுகிற ஐஸ் காசுகூட ஆகாது, அரை நாள் வேலை. இன்னொன்று, தடைக்காலமே பெல்ட்டுக்கு ஆகாத காலம். ஓடாத புல்லியில் உப்புக் காற்று பட்டுத் துரு ஏறும், பெயின்ட் அடிப்பவர்கள் பிரைமரை மேலே சிந்தி வைப்பார்கள், டீசலும் ஆயிலும் சொட்டி ரப்பர் ஊறிப்போகும். அதன் மேலேயே ஜூன் 14 நள்ளிரவு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஓடுகிறோம்.

பெல்ட்டைத் திருப்பிப் பிடித்து வரிகளில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வெடிப்பு இல்லையே என்று விட்டுவிடக் கூடாது, இப்போது வருகிற பெல்ட் ரப்பர் சீக்கிரம் வெடிக்காது, டயர் மாதிரி தேயும். வரி மெலிந்து இடைவெளி அகலமாகியிருந்தாலோ, டைனமோ பக்கம் கருப்புத் தூள் படிந்திருந்தாலோ மாற்றிவிட வேண்டும். சத்தம் வருகிறது என்று சோப்பு, கிரீஸ், பவுடர் எதையும் தடவாதீர்கள், நோய் அப்படியே இருக்கும், சத்தம் மட்டும்தான் அடங்கும்.

கழற்றும் முன் பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு, பெல்ட் எந்தப் புல்லிக்கு மேலே போகிறது, எதற்குக் கீழே போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும், இதைச் செய்யாமல் கழற்றிவிட்டு ராத்திரி வரை சுற்றிச் சுற்றிப் பார்த்தவர்கள் எங்கள் துறைமுகத்தில் நிறையப் பேர். டென்ஷனரின் கைத்தண்டில் ஸ்பேனர் போட்டு ஸ்பிரிங்குக்கு எதிராகத் தள்ளினால் பெல்ட் லூசாகும். கழற்றியதும் புது பெல்ட்டை மாட்டிவிடக் கூடாது. டென்ஷனர் புல்லியையும், பெல்ட்டுக்கு வழி காட்ட மட்டும் சுற்றுகிற ஐட்லர் புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்றால் பேரிங் போய்விட்டது, அதையும் மாற்றாவிட்டால் புது பெல்ட்டும் நிற்காது. காடியில் இருக்கிற துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைக்க வேண்டும். அப்புறம் பெல்ட்டின் முதுகில் அச்சடித்திருக்கிற எண். 6 பி.கே. 1750 என்று இருந்தால் ஆறு வரி, 1750 மில்லிமீட்டர் நீளம். அந்த எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும், ஒன்றுக்கு இரண்டாக. மாட்டிய பிறகு ஒவ்வொரு புல்லியிலும் விரலை வைத்து, வரி காடிக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி அணைத்து மறுபடியும் பாருங்கள்.

மீன்வளத்துறை அதிகாரிகளுக்கு உங்கள் வழியாக ஒரு கோரிக்கை. தடைக்கால ஆய்வுக்கு வந்து பதிவு எண், இன்ஜின் என்று பார்க்கிறீர்கள். அதோடு சரியான எண்ணில் ஒரு ஸ்பேர் பெல்ட்டும், அதை மாற்றத் தேவையான ஸ்பேனரும் படகில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பார்கள் என்று தெரிந்தாலே எல்லோரும் வாங்கி வைப்பார்கள். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறக்குமுன் வாய்க்காலைத் தூர் வாரு என்று வயல்காரர்கள் கேட்பதில்லையா, அது மாதிரித்தான் இதுவும்.

அடுத்த ஏப்ரலில் உங்கள் நிருபர் அக்கரைப்பேட்டைக்கு வந்தால் இன்ஜின் அறை மூடியைத் திறந்து வைக்கிறேன். அன்றைக்கு அறுந்த பெல்ட்டை இன்னும் வைத்திருக்கிறேன், அதையும் படம் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
விசைப்படகு மெக்கானிக் ஒருவர்,
அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்.