தொழிற்சாலை விளக்கு தயாரிப்பாளர்களுக்கு இராணிப்பேட்டையிலிருந்து ஒரு திறந்த மடல்

தொழிற்சாலைகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் எல்.இ.டி. விளக்குகள் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் மின் பராமரிப்பைக் கவனித்துவரும் முறையில் இம்மடலை எழுதுகிறேன். விலையைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. விளக்கின் ஆயுள் எத்தனை டிகிரி சூட்டுக்குக் கணக்கிடப்பட்டது என்பதைப் பெட்டியிலேயே அச்சிடுங்கள். சில்லுகளுக்கேற்ப மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் உறுப்பான டிரைவரைக் கழற்றி மாற்றும்படி அமைத்து, அதைத் தனியாகவும் விற்பனைக்குக் கொடுங்கள்.

உங்கள் விலைப்பட்டியல்களில் 50,000 மணி நேரம் என்று பார்க்கிறோம். இரண்டு ஷிப்ட் ஓடும் ஆலையில் அது ஏறக்குறைய பத்து ஆண்டுகள். ஆனால் அந்த எண், வெளிச்சம் தொடக்க அளவில் 70 விழுக்காடாகக் குறைய ஆகும் காலம், அதுவும் ஒளி தரும் எல்.இ.டி. சில்லுகளைச் சில ஆயிரம் மணி நேரம் சோதித்து, அந்த முடிவிலிருந்து நீட்டிக் கணக்கிட்டது. டிரைவருக்கும் அதற்கும் தொடர்பில்லை. எங்கள் கூரையில் அணைந்துபோகும் விளக்குகளில் பெரும்பாலானவற்றில் சில்லுகள் நன்றாகவே இருக்கின்றன, செத்துக்கிடப்பது டிரைவர்தான்.

காரணம் மறைவானதன்று. டிரைவரில் உள்ள மின்பகுளிக் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் சுமார் பாதியாகிறது. பல விவரத்தாள்களில் சுற்றுச்சூடு 25 டிகிரி என்று காண்கிறேன். எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலையை விட்டால் அந்த 25 டிகிரியை எப்போது பார்ப்பது என்று தெரியவில்லை. கத்திரி வெயிலில் வெளியே 42 டிகிரி அடிக்கும்போது, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு ஓரடி கீழே தொங்கும் ஹை பே விளக்கை (உயரமான கூரைக்கான விளக்கை)ச் சுற்றியுள்ள காற்று அதைவிடச் சூடாக இருக்கும். அதோடு விளக்கின் சொந்தச் சூடும் சேர்ந்துகொள்கிறது.

அண்மையில் அணைந்த ஒரு விளக்கைக் கீழே இறக்கிப் பிரித்துப் பார்த்தோம். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. சில ரூபாய்ப் பொருள். ஆனால் பலகை முழுவதும் கறுப்புப் பசை ஊற்றி இறுக்கியிருந்ததால், பற்றவைப்புக் கோலை நுழைக்கவும் இடமில்லை. விற்ற நிறுவனத்திடம் டிரைவர் மட்டும் கேட்டோம். முழு ஃபிட்டிங்காக வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. நல்ல நிலையில் இருந்த சில்லுகளும் கனத்த அலுமினிய வார்ப்பும் எடைக்குப் போயின. சோக், ஸ்டார்ட்டர் காலத்தில் ட்யூப் லைட் எரியாமல் மினுக்கினால் தெருமுனைக் கடையில் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினோம். மின்சாரத்தைப் பாதியாக மிச்சப்படுத்தும் இன்றைய விளக்கில் அந்த வசதி மட்டும் ஏன் காணாமல் போனது? பசை ஈரத்தைத் தடுக்கும் என்பீர்கள், உண்மைதான். அப்படியானால் டிரைவரைத் தனிப் பெட்டியில் வைத்து, வெளியீட்டு மில்லி ஆம்பியரையும் வோல்ட் வரம்பையும் அதன்மேல் அச்சிட்டால் போதும். உங்களிடம் இருப்பு இல்லாத நாளில் அதே அளவுள்ள வேறொன்றையாவது மாட்டி வேலையை ஓட்டுவோம்.

தோல் பதனிடும் ஆலைக்கென்று இன்னொரு சங்கடமும் உண்டு. மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறோம். அடுத்துச் சுண்ணாம்பை நீக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். சில்லின் உள்ளே வெள்ளிப் பூச்சு இருந்தால், கந்தகம் பட்டுக் கறுத்துவிடுகிறது. விளக்கு எரியும், வெளிச்சம் இராது. ஐ.பி. 65 என்ற முத்திரை தூசியையும் நீரையும் பற்றியதே. வாயுவைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. உங்கள் விற்பனையாளர்களில் பலர் இதைக் கேட்டுத் திகைக்கிறார்கள்.

தோலுக்கு நிறமும் மெருகும் ஏற்றும் ஃபினிஷிங் பகுதியில் கவலை வேறு. அங்கே ஷேட் பார்ப்பவர் செம்பழுப்புத் தோலை மாதிரித் துண்டோடு ஒப்பிட்டுத் தேர்வு சொல்கிறார். அது வாங்குபவரின் சோதனைப் பெட்டி வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரிந்தால் சரக்கு திரும்பும். விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதன் அளவே சி.ஆர்.ஐ.; சி.ஆர்.ஐ. 80 என்பது எட்டு மென்னிறங்களின் சராசரி. அடர்சிவப்பைக் குறிக்கும் ஆர்9 அதில் சேராது. சி.ஆர்.ஐ. 80 விளக்கில் ஆர்9 பூச்சியத்தை ஒட்டியும் இருக்கலாம். தோல், துணி, சாய ஆலைகளுக்கு விற்கும் விளக்குகளிலாவது அந்த எண்ணையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இந்த விவரங்களில் பெரும்பகுதி உங்கள் ஆய்வுக்கூடங்களில் ஏற்கெனவே இருக்கத்தான் வேண்டும். கூரைச் சூட்டில் ஐயம் இருந்தால், மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு உங்கள் பொறியாளர் ஒருவரை அனுப்பிவையுங்கள். ஏணியும் வெப்பமானியும் எங்கள் பொறுப்பு. ஃபினிஷிங் பகுதிக்குப் புதிய விளக்குகள் வாங்கவிருக்கிறோம். விலைப்புள்ளி அனுப்புவோர் டிரைவரின் தனி விலையையும், விளக்கு தாங்கும் உச்சச் சுற்றுச்சூட்டையும், ஆர்9 மதிப்பையும் அதிலேயே எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மின் பராமரிப்பு மேற்பார்வையாளர்,
இராணிப்பேட்டை.