போகோ ஹராம்: கதை சிபோக்கில் தொடங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

நைஜீரியாவின் தீவிரவாத அமைப்பான போகோ ஹராம் என்றாலே 2014இல் அந்நாட்டின் சிபோக் ஊர்ப் பள்ளியில் 276 மாணவிகளைக் கடத்தியதிலிருந்துதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் அது 2002 வாக்கிலேயே வடகிழக்கு நைஜீரியாவின் மைதுகுரியில், முகமது யூசுப் என்ற மதபோதகரிடம் தொடங்கிவிட்டது. வேலையில்லாத இளைஞர்கள் பலர் அவர் பின்னால் போனார்கள். 2009 ஜூனில், இறுதி ஊர்வலத்துக்கு மோட்டார் சைக்கிளில் போன அவருடைய ஆட்களை ஹெல்மெட் போடவில்லை என்று நிறுத்தியதில் தகராறு முற்றி, பாதுகாப்புப் படை சுட, அடுத்த மாதமே கலவரம் வெடித்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். ராணுவம் யூசுபை உயிரோடுதான் பிடித்தது, கையில் காயக்கட்டோடு அவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வீடியோகூட இருக்கிறது, போலீஸ் காவலுக்குப் போன சில மணி நேரத்தில் பிணமாகிவிட்டார். அவரை நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்!

அப்புறம் தலைவராக வந்த அபுபக்கர் ஷெகாவ் காலத்தில் சந்தை, மசூதி எதுவும் தப்பவில்லை. செத்தவர்களில் ஏராளமானோர் முஸ்லிம்கள், அதனால் இதை வெறும் மதச் சண்டை என்று ஒரே வரியில் முடிப்பதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. 2016இல் அமைப்பு உடைந்தது, 2021இல் ஷெகாவும் செத்தார், வன்முறை நிற்கவில்லை. சிபோக் மாணவிகள் பலர் இன்னும் வீடு திரும்பவில்லை. தயவுசெய்து இதைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்