எண்ணுவதற்கு அடையாளம் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்சார் வலைப்பின்னல்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரை, ஒரு திடலில் எத்தனை வாகனங்கள் நிற்கின்றன என்று அறிய ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டாக வேண்டும் என்கிறது. இது சரியன்று. யூலி பரிஷ்னிகோவ், ராபர்ட் கிறிஸ்ட் ஆகிய இரு கணித அறிஞர்கள் 2009-இல் சியாம் என்னும் தொழில்துறை, பயன்பாட்டுக் கணிதச் சங்கத்தின் பயன்பாட்டுக் கணித இதழில் வெளியிட்ட ஆய்வு, தன் அருகே எத்தனை உள்ளன என்பதை மட்டும் சொல்லத் தெரிந்த எளிய சென்சார்கள் திடலெங்கும் நெருக்கமாக இருந்தால் அதைக் கொண்டே மொத்தத்தைக் கணக்கிட முடியும் என்று காட்டியது.

சென்சார்கள் சொல்வதை அப்படியே கூட்டினால் ஒரே வாகனம் பலமுறை எண்ணப்பட்டுவிடும். அதைத் தவிர்க்க உதவுவது, வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத வடிவப் பண்புகளை ஆராயும் கணிதப் பிரிவான இடவியலில் வரும் ஆய்லர் எண். தட்டையான உருவம் ஒன்றில் உள்ள தனித் துண்டுகளின் எண்ணிக்கையிலிருந்து ஓட்டைகளின் எண்ணிக்கையைக் கழித்தால் அது கிடைக்கும். தோசைக்கு 1, உளுந்து வடைக்கு 0.

வகுப்பில் இதை அப்பளங்களைக் கொண்டு விளக்கியிருக்கிறேன். ஒரு வாகனத்தை உணரும் சென்சார்கள் பரவியுள்ள பகுதியே ஓர் அப்பளம் என்று கொள்வோம். மூன்று அப்பளங்களை, ஒவ்வொன்றின் விளிம்பும் மற்ற இரண்டின்மேல் சற்றே ஏறி, நடுவில் சிறு இடைவெளி விழும்படி பரப்ப வேண்டும். குறைந்தது ஓர் அப்பளமாவது உள்ள இடம் முழுவதும் ஓட்டையுள்ள ஒரே துண்டு. அதன் ஆய்லர் எண் 0. குறைந்தது இரண்டு உள்ள இடங்கள் மூன்று தனித்தனிக் கீற்றுகள், அவற்றுக்கு 3. மூன்றும் சேரும் இடமே இல்லை. ஆக இந்த ஆய்லர் எண்களின் கூட்டுத்தொகை 0 + 3 + 0 = 3, அப்பளங்களின் எண்ணிக்கையும் அதுவே. எந்த அப்பளம் எது என்று நாம் எங்குமே கேட்கவில்லை. அவை வட்டமாகவோ ஒரே அளவிலோ இருக்க வேண்டும் என்பதும் இல்லை, ஓட்டையற்ற ஒற்றைத் துண்டுகளாக இருந்தால் போதும்.

உணரும் பகுதி வடை போன்று இருந்துவிட்டால், எத்தனை வாகனங்கள் நின்றாலும் விடை 0 என்றே வரும் என்பது உண்மை. சென்சார்கள் நெருக்கமின்றி இருந்து, ஒரு மெல்லிய கீற்று அவற்றின் இடையே நழுவிவிட்டாலும் கணக்கு தவறாகிவிடும். கட்டுரையாளர் இந்தக் குறைகளைச் சுட்டியிருந்தால் நான் மறுத்து எழுதியிருக்க மாட்டேன். வாகன எண்ணைப் பதியாமல் எண்ணவே இயலாது என்ற வரிக்கு மட்டும் திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்