பாப்பாவுக்கு, இந்தூர் லோடு விஷயமாக

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
ஆனி முதல் வாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுகிறாய். அதனால்தான் இந்த மெயில். தம்பியை அடித்துத் தரச் சொல்லவில்லை. போனில் நானே பேசி எழுத்தாக்குகிறேன், அங்கங்கே தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

முதலில் வியாபாரம். நீ கம்ப்யூட்டரில் அமைத்துக்கொடுத்த இந்தூர் போர்டு நன்றாக ஓடுகிறது. ஊருக்கு ஒரு புராஜெக்ட் என்று நீ பிரித்தபோது, ஜவ்வரிசி விற்பதற்கு எதற்கம்மா புராஜெக்ட், நாம் என்ன பாலமா கட்டுகிறோம் என்று கேட்டேன். இப்போது வருகிறவர்களிடம் எல்லாம் நானே அதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன். புது ஊரில் கால் வைப்பதென்றால் சாம்பிள் போக வேண்டும், ஸ்டாக்கிஸ்ட் கிடைக்க வேண்டும், பாக்கெட்டில் இந்தி சரியாக இருக்கிறதா என்று ஒருத்தர் பார்க்க வேண்டும், விலை பேச வேண்டும், முதல் லோடு ஏற வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே முதல் பணம் கைக்கு வர வேண்டும். இத்தனையும் அந்தப் பச்சை நோட்டில் ஒரே பக்கத்தில் நசுங்கிக் கிடந்தது. நீ ஈஆர்பிநெக்ஸ்ட் என்கிற அந்த வியாபார மென்பொருளில் வந்த டாஸ்க், மைல்ஸ்டோன் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ‘சாம்பிள் போச்சு’, ‘விலை பேசியாச்சு’, ‘லோடு ஏறியாச்சு’, ‘பணம் வந்தாச்சு’ என்று நாம் பேசுகிற மாதிரியே வைத்தாய் பார், அதனால்தான் குடோனில் இருக்கிற அண்ணன்கூட யாரையும் கேட்காமல் திரையில் கார்டைத் தள்ளுகிறார்.

‘விலை பேசியாச்சு’ மூன்று நாளுக்கு மேல் அப்படியே நின்றால் தானாக ‘மறுபடி பேசு’ என்று மாறுகிறதே, அது பெரிய உபகாரம். ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் டெண்டரில் இன்றைக்கு இருக்கிற விலை அடுத்த வாரம் இருப்பதில்லை. போன மாதம் சொன்ன விலையைப் பிடித்துக்கொண்டு நாக்பூர்க்காரர் சண்டைக்கு நின்றதெல்லாம் உனக்குத் தெரியும். இப்போது அந்தப் பேச்சே இல்லை.

ஆனால் சிராவண மாத விஷயம் மட்டும் அப்பா சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது, அதை மறந்துவிடாதே. நாம் ஜவ்வரிசியைப் பாயசத்துக்கும் வடகத்துக்கும் வைத்திருக்கிறோம். வடக்கே அதுதான் விரதச் சாப்பாடு. சிராவணமும் நவராத்திரியும் ஏகாதசியும்தான் நம் வருஷக் கணக்கு, மார்ச் கடைசி எல்லாம் ஆடிட்டருக்கு. அதிலும் இந்தூர்ப் பக்கம் பௌர்ணமிக்கு மறுநாளே சிராவணம் பிறந்துவிடும். புனேயில் அமாவாசை கழிந்துதான். பதினைந்து நாள் வித்தியாசம். நீ முதலில் இரண்டு ஊருக்கும் ஒரே தேதி போட்டு வைத்திருந்தாய். இந்தூர்க் கடைகளில் விரதம் தொடங்கின பிறகு நம் மூட்டை போய் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்போது மண்டலத்துக்கு ஒரு பண்டிகைத் தேதி, அதிலிருந்து பின்னோக்கி லாரி நாள், பேக்கிங் நாள், சாக்கு வாங்கும் நாள் என்று அதுவே கணக்குப் போட்டுக்கொடுக்கிறது. இதைப் பார்த்துவிட்டு லீ பஜாரில் ஒருத்தர் எங்களுக்கும் செய்து தருவாளா உங்கள் பெண் என்று கேட்டார். அவளுக்கு நேரம் ஏது, பெரிய கம்பெனியில் இருக்கிறாள் என்றேன்.

அப்படித்தானே சொல்ல வேண்டும்?

சரி. புனே ஏஜெண்ட் பற்றி. அவர் நம் சம்பளத்துக்கு ஆள் இல்லை, கமிஷனுக்கு நாலு பேர் சரக்கை விற்கிறவர். இருபது கட்டம் இருக்கிற ஃபார்மைக் காட்டினால் நமக்கு மட்டும் எழுதாமல் விட்டுவிடுவார். எந்தக் கடை, எத்தனை மூட்டை, எப்போது வேண்டும், இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் கேட்காதே என்று திரும்பத் திரும்பச் சொன்னேன், நீயும் கடைசியில் கேட்டாய். மீதியை இங்கே தம்பி நிரப்பிக்கொள்கிறான். விற்கிறவனிடம் தகவல் கேட்டு வாங்குவதற்கு ஒரு அளவு இருக்கிறது. அவன் ஒவ்வொரு கட்டத்தை நிரப்பும்போதும் இதில் எனக்கு என்ன லாபம் என்றுதான் யோசிப்பான். கமிஷன் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அதே பக்கத்தில் அவருக்குத் தெரிகிற மாதிரி வைத்தாய், அதற்குப் பிறகுதான் அவர் தினமும் திறந்து பார்க்கிறார். ஏஜெண்டுகள் வருவார்கள், போவார்கள். ஆளுக்கு இத்தனை ரூபாய் லைசென்ஸ் என்று கட்டுகிற மென்பொருளாக இருந்திருந்தால் இவர்களை எல்லாம் உள்ளே விட்டிருக்கவே மாட்டேன்.

நாக்பூருக்குப் புனே விலை தெரியாதபடி மண்டலம் பிரித்துப் பூட்டியதும் சரி. லாரி வாடகை வேறு என்பதால் விலை வேறு, அதில் ஒளிவு ஒன்றும் இல்லை, ஆனாலும் ஒருத்தர் விலையை இன்னொருத்தர் பார்த்தால் அன்றைக்குப் பூராவும் போன்தான். பொதுக் குழுவில் மட்டும் யாரோ இன்னமும் விலையை எழுதுகிறார்கள். பூட்டின அறைக்கு வெளியே திண்ணையில் உட்கார்ந்து கணக்குச் சொல்கிற மாதிரி இருக்கிறது. அங்கே எழுதக் கூடாது, கார்டுக்குக் கீழேதான் எழுத வேண்டும் என்று நீ ஒரு வார்த்தை சொல், நான் சொன்னால் பெரியவர் புலம்புகிறார் என்று விட்டுவிடுகிறார்கள். அறிவிப்பைக் குறைத்தது நல்லது. முன்பு யார் எதைத் தொட்டாலும் எல்லோருக்கும் மெயில் போகும், யாருமே படிக்கவில்லை.

இதில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது ஒன்று உண்டு. நம் மதுரை சேல்ஸ்மேன் தேதி தாண்டப் போகிறது என்று தெரிந்தால் முந்தின நாளே தேதியைத் தள்ளி வைத்துவிடுகிறார். கார்டு எப்போதும் பச்சையாகவே இருக்கிறது. நானும் மதுரை நன்றாகப் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். நீ அந்தத் ‘தள்ளியது எத்தனை முறை’ என்ற எண்ணைச் சேர்த்த பிறகுதான் வெளியே வந்தது. கூப்பிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? சிவப்பானால் ஆகட்டும், அண்ணா. சிவப்பைப் பார்த்து நான் யாரையும் திட்டினது கிடையாது. தெரிந்தால் லாரியைத் திருப்பி விடுவேன், சரக்கை வேறு ஊருக்குத் தள்ளுவேன், ஏதாவது செய்வேன். பச்சையாக வைத்துக்கொண்டு உள்ளே தவித்தால் எனக்கு எப்படித் தெரியும்? இதைச் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷன்தான்.

அந்த எண்ணைப் பார்க்கப் போய்த்தான், ஒவ்வொரு பதிவின் அடியிலும் யார் எப்போது எதை மாற்றினார் என்று வரிசையாக வருகிறதே, அதைப் படிக்கிற பழக்கம் எனக்கு வந்தது. காலையில் பேப்பருக்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறேன். கடை யார் பிடித்தது, கமிஷன் யாருக்கு என்கிற சண்டை எல்லாம் அதைக் காட்டினால் அடங்கிவிடுகிறது. அதில் உன் பெயரும் வருகிறது. முன்பெல்லாம் சனி, ஞாயிறில்தான் வரும். இந்தூர் ஃபார்ம் முழுக்க நீ செவ்வாய், புதன், வியாழனில் செய்திருக்கிறாய். இங்கே ராத்திரி எட்டரை, ஒன்பது, பத்து. நியூஜெர்சியில் அப்போது காலை பதினொன்று, பன்னிரண்டு. ஒன்பதரை மணி நேரம் கழிப்பது எனக்குப் பழகிவிட்டது, நீ போன நாளிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

லீவு போட்டிருப்பாய். வேலை அதிகமாகச் செய்தால் லீவு போடத்தான் வேண்டும். ஆபீஸ் நேரத்தில் வீட்டு வேலை பார்க்கிறவள் இல்லை நீ, அது எனக்குத் தெரியும். காலேஜில் லேப் நேரத்தில் போன் எடுக்காதவள்.

அம்மாவிடம் இந்த நேரக் கணக்கைச் சொல்லவில்லை.

எதிர்வீட்டுப் பையன் டெக்ஸாஸிலிருந்து திரும்பி வந்துவிட்டான். எச்1பி என்கிற அமெரிக்க வேலை விசாவில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தானாம், அதற்குள் வேறு கம்பெனி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விசாவை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். வந்து இறங்கின பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரியும். அவன் அப்பா என்னோடு வாக்கிங் வருகிறவர். அவன் வந்தது பரவாயில்லை சார், இத்தனை நாள் தனியாக என்ன சாப்பிட்டான் என்றுதான் மனசு கிடந்து அடிக்கிறது என்றார். இப்போது ஏற்காட்டில் யாரோ ஒருவருடைய காபித் தோட்டத்துக்குக் கணக்கு முறை அமைத்துக்கொடுக்கிறான். காலையில் பஸ் பிடித்துப் போய்விட்டுச் சாயங்காலம் வருகிறான், முகம் தெளிவாகத்தான் இருக்கிறது.

இன்னொரு முக்கியமான வேலை. சிஸ்டத்தின் பெரிய பாஸ்வேர்டு உன் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. எந்தக் கட்டத்தை எதற்காகச் சேர்த்தாய், எந்த இடத்தில் எதைப் பூட்டினாய் என்பதெல்லாம் உன் தலைக்குள் இருக்கிறது. மென்பொருளின் மூல நிரலில் கை வைக்கவில்லை, எல்லாவற்றையும் தனி ஆப்பாக வைத்திருக்கிறேன், புது வெர்ஷன் ஏற்றினாலும் போகாது என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. நல்லது. ஆனாலும் எழுதி வை. தம்பிக்குப் புரிகிற மாதிரி தமிழில் எழுதி வை. பெரிய வேலை என்று தள்ளிப் போடாதே, தினம் அரைப் பக்கம் போதும். ஒரு ஆளின் தலைக்குள் மட்டும் எதுவும் இருக்கக் கூடாது. நல்லதும் சரி, மற்றதும் சரி. இதைப் போனிலும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன், எழுதி வை.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. ‘இந்தூர் பின்கோடு கட்டத்தைக் கட்டாயம் ஆக்கவா?’ என்று கார்டுக்குக் கீழே அப்பாவைக் கேட்கத் தெரிகிறது. அம்மாவுக்கு ஒரு போன் போடத் தெரியவில்லை. அவள் கார்டு எல்லாம் பார்க்கிறவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனைச் சமையல் மேடை மேலே சார்ஜில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். உனக்கு இது தெரியாதென்று நான் நினைக்கவில்லை. வீடியோ போடப் பிடிக்கவில்லை என்றால் குரல் மட்டும் போதும். இவ்வளவு படித்து, கடல் தாண்டிப் போய், அங்கிருந்தே அப்பாவின் கடையை நடத்திக்கொடுக்கிற பிள்ளை இந்தப் பேட்டையில் வேறு யாருக்கு இருக்கிறது? அந்தப் பிள்ளைதான் போனை எடுப்பதில்லை.

ஆடிட்டரிடம் போயிருந்தேன். நீ சிஸ்டத்துக்குச் செய்கிற வேலைக்குச் சம்பளம் என்று போடலாமா என்று கேட்டதற்கு, அங்கே அவள் விசாவுக்கு அது சிக்கலாகும், வேண்டாம் என்றார். அப்பா மகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் இங்கே அதற்கு வருமான வரி கிடையாதாம். அதனால் இந்தியன் வங்கியில் இருக்கிற உன் கணக்கில் கொஞ்சம் போட்டிருக்கிறேன். எதற்கென்று கேட்காதே. இந்தூர் வேலைக்கு வெளி ஆளை வைத்திருந்தால் இதைவிட அதிகம் கேட்டிருப்பான். வாடகை, சாப்பாடு இரண்டுக்கும் ஆறு மாதத்துக்குக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உனக்கு எப்போதும் சொல்வேனே, அதே பேச்சுதான். சாப்பாட்டை மட்டும் குறைக்காதே.

ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு வரச் சொல்லி அம்மா கேட்கச் சொன்னாள். போன வருஷமும் கேட்டாள். வந்தால் திரும்பிப் போகிற டிக்கெட் போடாமல்கூட வரலாம், பிறகு பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். குடோனுக்கு மேலே இருக்கிற அறைக்கு வெள்ளை அடித்து ஏசி மாட்டியாயிற்று, தம்பிதான் செய்தான். நெட் நன்றாக வருகிறது. சேலத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலையா இது என்று நீ சொல்லலாம். லீ பஜாரில் ஒருத்தர் கேட்டார் என்று மேலே எழுதியிருந்தேன் இல்லையா, அவர் ஒருத்தர் மட்டும் கேட்கவில்லை.

இந்தூர் ஃபார்மில் ஒரு சின்ன மாற்றம். பின்கோடு கட்டாயம் வேண்டாம். கடை போன் நம்பரை மட்டும் முதலில் கேள். லாரி வெள்ளிக்கிழமை கிளம்புகிறது, அதற்குள் செய்தால் போதும். உன் ஆபீஸ் வேலையைக் கெடுத்துக்கொண்டு செய்ய வேண்டாம்.

அம்மா பருப்புப் பொடியும் வடகமும் கட்டி வைத்திருக்கிறாள், சனிக்கிழமை கொரியரில் போடுகிறேன். பழைய முகவரிதானா? வீடு மாறியிருந்தால் புது முகவரியை எழுது.

அன்புடன்,
அப்பா